மேல் வீட்டுக்கு முதல் தண்ணீர்

எனக்கு வயது முப்பத்து நான்கு. இந்த வயதில் என் பணிக்கால அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பென்ஷன் வாங்கிக்கொண்டு, மாலையில் கடலோரம் காற்று வாங்குகிறவர்கள் எழுத வேண்டிய சமாசாரம் இது. ஆனால் நான் பார்த்த வேலை முடிந்துவிட்டது. அந்தப் பதவியே இப்போது கிடையாது. முனிசிபல் ஆபீசுக்கும் வார்டு மக்களுக்கும் நடுவில் நின்று பேசுவதற்கென்று ஒப்பந்தத்தில் சிலரை வைத்திருந்தார்கள். சமுதாய அமைப்பாளர் என்று பெயர். திட்டம் முடிந்தது, பெயரும் முடிந்தது. கடைசி நாள் டீ குடிக்கும்போது, குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"தீதி, இனிமே வால்வ எல்லாம் கம்ப்யூட்டர்லயே தொறந்து மூடப் போறாங்களாம். நீங்கல்லாம் சம்மர்ல எப்படிச் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன், நாங்க படிக்கிறோம்."

அக்கா முறை வைத்துக் கேட்டதும் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். அப்பா கருப்பையா, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி வந்து ஹேடோ துறைமுக ஜெட்டியில் மூட்டை தூக்கியவர். பிறகு கட்டட வேலைகளுக்கு அஸ்திவாரம் வெட்டப் போனார். அம்மா பஞ்சவர்ணத்துக்கு வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை. வேலையில் சேர்ந்த அன்று கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது ஒன் பேரு?" என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை மட்டும் முந்தானையால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தாள்.

பயிற்சி என்று சில நாள் ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். மெயின்லாண்டிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படங்களில் இருந்த ஊரெல்லாம் சமதரையாக இருந்தது. எங்கள் ஊரில் சமதரை என்றால் விமானம் இறங்கும் இடம் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இறக்கம், படிக்கட்டு. அவர் சொல்லிக் கொடுத்ததில் நான் பயன்படுத்தியது, கூட்டத்துக்கு முன்னால் நாற்காலிகளை வட்டமாகப் போடவேண்டும் என்பது ஒன்றுதான். அதுவும் மேட்டுத் தெருக்களில் முடியாது. ஜனங்கள் படியில் உட்காருவார்கள். மேல் படிக்காரர் பேசுவது கீழ்ப் படிக்காரர் முதுகில் விழும்.

ஒரு வருஷத்து வேலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஜனவரியில் வார்டுக் கூட்டம். இந்த வருஷம் என்ன வேண்டும்? தெருவிளக்கா, படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பியா, சாக்கடை நாலாவுக்கு மூடியா? ஒரே கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, பெங்காலி, மலையாளம் எல்லாம் ஓடும். எல்லோருக்கும் பொதுவாக எங்கள் தீவு ஹிந்தி. கோபம் வந்தால் மட்டும் அவரவர் பாஷைக்குப் போய்விடுவார்கள். அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. பெங்காலியில் வந்த வசவை நான் தமிழாக்கிச் சொல்வதற்குள் அதில் பாதிக் காரம் போயிருக்கும். அந்தப் பாதி போனதால்தான் பல கூட்டங்கள் அடிதடி இல்லாமல் முடிந்தன. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர். மே மாதம் மழை இறங்குவதற்குள் நாலாக்களைச் சுத்தம் செய்ய வேண்டும். தேங்காய் மட்டை, பழைய மெத்தை, ஒருமுறை முழு சைக்கிள் ஒன்றுகூட உள்ளேயிருந்து வந்தது. மழைக்காலம் முழுக்க விழுந்த மரம், அணைந்த விளக்கு, சரிந்த மதில். மழை விட்டதும் எது முடிந்தது, எது முடியவில்லை என்று வார்டு வார்டாகப் போய்ப் பார்ப்போம். பார்த்து முடிப்பதற்குள் மறுபடி ஜனவரி.

இதில் எல்லாரும் பயப்படுவது தண்ணீர் மாதங்களுக்குத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர், வெயில் ஏற ஏற இன்னும் தள்ளிப்போகும். தண்ணீர் வரும் நேரத்துக்குக் கல்யாண வீட்டுக்காரர்கள்கூடப் பந்தியை நிறுத்திவிட்டுக் குடம் தூக்குவார்கள்.

குடிநீர்ப் பிரிவில் எனக்கு மேலே இருந்த ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ. லீனா மேடம். மலையாளி. நடு அந்தமானில் குடியேறிய விவசாயக் குடும்பம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கோடையிலும் ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் வருவார். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக் குரலை உயர்த்துவார்கள். "காது மூடல, பேசுங்க" என்பார், கண்ணைத் திறக்காமல். என்னிடம் ஒருநாளும் "சபாஷ்" சொன்னதில்லை. வேலை சரியாக நடந்தால், "சரி, அடுத்தது" என்பதோடு முடியும். அந்த "சரி"க்காக நான் எவ்வளவு ஓடியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

புகார் வந்தால் எல்லோரும் வால்விலிருந்து பார்த்துக்கொண்டு மேலே போவார்கள். மேடம் கடைசி வீட்டிலிருந்து தொடங்குவார். பையில் சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து டம்ளரை நீட்டுவார். நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். பிறகு அதற்கடுத்த கீழ் வீடு, அதற்கடுத்தது. எந்த வீட்டில் டம்ளர் சட்டென்று பொங்கி வழிகிறதோ, அந்த வீட்டுக்கும் அதற்கு மேல் வீட்டுக்கும் நடுவில்தான் கோளாறு. ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தண்ணீரைச் செடிக்கோ நாய்க்கோ ஊற்றிவிட்டுத்தான் நகர்வார். தரையில் ஊற்றி நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தச் சந்துக்கு வருகிறேன். பத்துபஸ்தியிலிருந்து மேட்டில் ஏறும் சந்துகளில் ஒன்று. நான் பிறந்த சந்து. பிரதானக் குழாய் கீழே ரோட்டில். அதிலிருந்து ஒரு கிளை படிக்கட்டை ஒட்டி மேலே ஏறும். சந்தின் முதல் வீடு எங்களுடையது. அதற்கு மேலே ராவ் அங்கிள், தெலுங்குக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அப்படியே ஏறிக்கொண்டே போனால் உச்சியில் நெருக்கமாகச் சில வீடுகள். அதில் கடைசி வீடு சரோஜா அக்காவுடையது. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். சிலோனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து, கடலை விட்டு எவ்வளவு உயரத்தில் இடம் கிடைக்குமோ அவ்வளவு உயரத்தில் வீடு பிடித்தவர்கள்.

அந்தக் கோடையில் மேல் வீடுகளுக்குத் தண்ணீர் அறவே நின்றுபோனது. மேடமும் நானும் ஏறினோம். சரோஜா அக்கா குழாயைத் திறந்தார். புஸ் என்று காற்று வந்தது. டம்ளர் காய்ந்தே இருந்தது. உள்ளே அக்காவின் கணவர் கட்டிலில் கிடந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதுகில் படுக்கைப் புண்.

"ஆஸ்பத்திரியில நர்சு சொன்னா, ரெண்டு வேளையும் தொடைக்கணும், துணி மாத்தணும், புண்ணு உள்ள போச்சுன்னா ஆள் தாங்காதுன்னு," என்றார் அக்கா. "கீழ ரோட்டுக் கொழாயில புடிச்சு நான் ஒருத்தியா எத்தன கொடம் தூக்குறது, சொல்லு புள்ள? குடிக்கவும் ஒலைக்கும்தான் ஆவுது. அலசுறதுக்கு இல்ல."

மேடம் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்த வரையில் அது முதல் தடவை.

டம்ளரோடு வீடு வீடாக இறங்கினோம். காரணம் தெரிந்ததுதான். கீழ் வீடுகள் பாதியில் மோட்டார். குழாயிலேயே நேராகப் பொருத்தி உறிஞ்சுகிற மோட்டார். எங்கள் வீட்டு வாசலில், இட்லிப் பானைக்குப் பக்கத்தில், ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு அம்மாவின் மோட்டாரும் இருந்தது.

"கீழிருந்து கழற்ற ஆரம்பிக்கணும்," என்றார் மேடம் ஹிந்தியில். சந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல் வீட்டுக்கு வேற ஆள அனுப்பறேன்."

"வேண்டாம் மேடம். நானே பேசறேன்."

மேலே நின்றிருந்த ராவ் அங்கிளுக்கு அது கேட்டுவிட்டது. "அரே வா! பொண்ணு ஆபீஸ்ல, மோட்டார் அம்மா வீட்ல!" என்று சந்து முழுக்கக் கேட்கச் சிரித்தார். அவர் வீட்டிலும் மோட்டார் உண்டு என்பது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை நான் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கழட்டு," என்றாள் அம்மா. "கழட்டிட்டுப் போ. விடிஞ்சா மாவு அரைக்கவும் பானை கழுவவும் ஒன் ஆபீசு வந்து தண்ணி ஊத்துமா?"

"மேல அந்தக்கா புருஷனுக்குப் புண்ணும்மா. தண்ணி இல்லாம—"

"எனக்கு மட்டும் என்ன, ஆத்தங்கரையிலயா வீடு? ஏடி, நீ படிச்சியே, அந்தப் படிப்பு எங்கேருந்து வந்துச்சு? இந்த இட்லிச் சட்டியிலேருந்து. சட்டிக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு? இந்த மோட்டார்லேருந்து. இன்னிக்கு அதக் கழட்ட வந்துட்ட, கழுத்துல பேரு மாட்டிக்கிட்டு!"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அப்பாதான் எழுந்து போய் ஸ்பானரை எடுத்து வந்தார். "புள்ள வெளியில தலை நிமிந்து நிக்கணும்ல, பஞ்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு நட்டைத் திருகினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசியைக் களைந்தாள். கையில் இருந்த வேகத்தில் பாதி அரிசி வெளியே சிந்தியது.

எங்கள் வீட்டு மோட்டார் போனதும் மற்றவர்கள் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. ராவ் அங்கிள் உட்பட எல்லோருடைய மோட்டாரும் கழன்றது. மேடம் "சரி, அடுத்தது" என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன்.

அடுத்த தண்ணீர் நாளில் போய்ப் பார்த்தால் சந்து முழுக்கக் குழி.

ஒவ்வொரு வாசலிலும் குழாயடியில் மண்ணைத் தோண்டி, குழாயை வெட்டித் தாழ இறக்கி, குழிக்குள் பக்கெட்டை வைத்திருந்தார்கள். தாழ்ந்த வாய்க்குத்தான் தண்ணீர் முதலில் வரும் என்பது இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். சிலர் அவசரத்தில் கோணல்மாணலாகத் தோண்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் குழி மட்டும் அளவெடுத்து வெட்டிய மாதிரி, நான்கு பக்கமும் செங்குத்தாக, உள்ளே இறங்க ஒரு படியோடு இருந்தது. அஸ்திவாரம் வெட்டிய கை.

மேடம் குனிந்து உள்ளே பார்த்தார். "இது யார் தோண்டினது?"

"மைனே," என்றார் அப்பா, நெஞ்சைத் தொட்டு.

"மோட்டார் வைக்கக் கூடாதுன்னீங்க, வைக்கல," என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "குழி வெட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

மேடம் எங்கள் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டிலும் உட்காராதவர். பூட்ஸ் காலை நீட்டி, முதலில் மெதுவாகவும் பிறகு அடக்க முடியாமலும் சிரித்தார். மேலே குழாயில் இன்னும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே எல்லோரையும் படிக்கட்டில் உட்கார வைத்தோம். கீழ் வீடுகள் எல்லாம் குழாயை மூடினால் தண்ணீர் உச்சி வரை ஏறுகிறதா என்று அதற்கு முன்பே மேடம் ஒருமுறை மூடச் சொல்லிப் பார்த்திருந்தார். ஏறியது. எனவே கேட்டது இவ்வளவுதான்: முதலில் மேல் வீடுகள் பிடித்துக்கொள்ளட்டும், அவர்கள் மூடியதும் கீழ் வீடுகள் திறக்கட்டும்.

"ஊப்பர்வாலா பந்த் கரேகா க்யா? கபி நஹி!" என்றார் ராவ் அங்கிள். மேலே இருக்கிறவன் மூடவா போகிறான், ஒருநாளும் மாட்டான் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். மேலே பாத்திரம் பண்டமெல்லாம் நிறைத்துவிட்டு, மூட மறந்த மாதிரி உட்கார்ந்தால் கீழே என்ன மிஞ்சும்?

"ரெண்டு ட்ரம்மு ரொம்புனா நாங்க மூடிருவோங்க," என்றார் சரோஜா அக்கா.

"நீ சொல்ற. பக்கத்து வீட்டுக்காரி?" என்று ஒரு குரல் வந்தது.

யார் மேலே நின்று பார்ப்பது என்பதில் பேச்சு முட்டி நின்றது. ஆபீஸ் ஆள் நிற்கட்டும் என்றார்கள். ஒரு சந்துக்கு ஒரு ஆள் என்றால் ஊருக்கே ஆள் போதாது. நான் நிற்கிறேன் என்றேன். "நீ இன்னிக்கு நிப்ப, நாளைக்கு வேற வார்டுக்குப் போயிருவ," என்று என் சொந்தச் சந்தே என்னைத் தள்ளுபடி செய்தது.

அப்போது அம்மா எழுந்து புடவையை உதறினாள்.

"நான் போறேன். உச்சியில போய் நிக்கிறேன். எவ எத்தன கொடம் புடிக்கிறான்னு இந்தக் கண்ணால பாக்குறேன். ரொம்புனதும் மூட வச்சிட்டுக் கொரல் குடுப்பேன். அப்ப நீங்க தொறங்க. அதுக்கு முன்னால எவனாச்சும் தொறந்தா குழியிலயே போட்டு மூடிருவேன்."

ராவ் அங்கிள்தான் முதலில், "பஞ்சவர்ணம் போனா டீக் ஹை. அது ஒரு சொட்டு எக்ஸ்ட்ரா விடாது," என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சந்திலேயே அதிகம் தண்ணீர் வேண்டியவள் அவள்தான். மேல் வீட்டுக்காரி ஒரு சொம்பு கூடப் பிடித்தாலும் நஷ்டம் முதலில் அவளுக்குத்தான். அதைவிட நம்பகமான காவல் எங்கே கிடைக்கும்? அம்மாவும் காவலுக்காகத்தான் போனாள். அவள் மனசில் அப்போது வேறெதுவும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா அந்த உச்சிக்கு அதுவரை ஏறியதே இல்லை. கடை, பஸ், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் கீழே. மேல் வீட்டுக்காரர்கள் தினமும் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். கீழ் வீட்டுக்காரர்களுக்கு மேலே ஏற ஒரு வேலையும் கிடையாது. சரோஜா அக்காவின் கணவர் விழுந்த செய்தி அம்மாவுக்குத் தெரியும். கட்டிலை அவள் பார்த்ததில்லை.

அடுத்த தண்ணீர் நாள் பிற்பகல். வால்வ்மேன் திறந்துவிட்டுப் போய்விட்டார். கீழ்க் குழாய்கள் எல்லாம் மூடியிருந்தன. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு ஆள், கை குழாயின் மேல். அப்பா எங்கள் குழிக்குள் இறங்கி நின்றார். நானும் மேடமும் படியில். குழாய்க்குள் தண்ணீர் மேலே ஏறும் சத்தம் கேட்டது. எங்களைத் தாண்டிப் போகிற சத்தம்.

நேரம் போனது. ராவ் அங்கிள் குழாயைத் தடவ ஆரம்பித்தார். "ரெண்டு ட்ரம் எப்பவோ ரொம்பிருக்கும்," என்றார். யாரோ, "பஞ்சவர்ணம் தூங்கிட்டாளா?" என்றார்கள்.

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. விடியற்காலையில் பஸ் ஸ்டாப் வரை கேட்கும்படி இட்லி கூவி விற்ற குரல் அது. எல்லோரும் குழாயைத் திருகத் தயாரானார்கள்.

"இன்னுங் கொஞ்ச நேரம்! எவனும் தொறக்காத!"

"உன் அம்மாவுக்குப் பைத்தியமா?" என்றார் ராவ் அங்கிள் என்னிடம். எனக்கே ஒன்றும் புரியவில்லை. ஒரு சொட்டு விடமாட்டாள் என்றுதானே அனுப்பினோம். அப்பாவைப் பார்த்தேன். அவர் குழாயிலிருந்து கையை எடுத்து, குழியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, பீடியைப் பற்ற வைத்தார்.

"அவளே சொல்லிட்டால்ல," என்றார் ராவ் அங்கிளிடம். "உக்காருங்க சாப்."

அப்பா உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். திட்டிக்கொண்டேதான். கடைசியில் குரல் வந்து குழாய் திறந்தபோது, எங்களுக்குக் கிடைத்தது பாதித் தண்ணீர்தான்.

அம்மா இறங்கி வரும்போது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் டெட்டால் வாசனை. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். "ட்ரம்மு அப்பவே ரொம்பிருச்சு," என்றாள். "அந்தத் துணிமூட்டையப் பாத்தேன். அந்தாளத் தனியா பொரட்ட முடியாம அவ பட்ட பாட்டையும் பாத்தேன். அலசாம எப்படி மூடச் சொல்றது?" அவ்வளவுதான் சொன்னாள். பேச்சு வேண்டாம் என்பதுபோல உள்ளே போய்விட்டாள். மேடம் டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். "சரி" என்றார். "அடுத்தது" என்று சொல்லவில்லை.

அந்த வழக்கம் மழை வரும் வரை நின்றது. பின் வந்த கோடைகளிலும் தொடர்ந்தது. பிறகு அம்மாவோடு முறைபோட்டு மற்ற கீழ் வீட்டுப் பெண்களும் ஏறினார்கள். சரோஜா அக்கா கணவரின் புண் ஆறியது. வேறு சில மேட்டுச் சந்துகளிலும் இதையே செய்து பார்த்தோம். காவலுக்குக் கீழ் வீட்டு ஆளைத்தான் அனுப்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மேல் வீட்டுக்காரரை நிறுத்திய இடங்களில் ஒருவாரம்கூடத் தாங்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள இது இருக்கிறது. சொல்லிக்கொள்ளத்தான் செய்வேன்.

ஆனால் எழுதிக் கேட்ட அந்த ஆபீஸ் பெண்களுக்கு நான் எழுத நினைத்தது, அம்மா முதன்முதலாக உச்சிக்கு ஏறியதற்கு மறுநாள் காலையைத்தான். அந்தப் பாதித் தண்ணீரில் அம்மாவால் வழக்கத்தில் பாதி மாவுதான் அரைக்க முடிந்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பி வாசலுக்கு வரும்போது பானை கவிழ்ந்திருந்தது. தினமும் வரும் ஆட்டோக்காரப் பையன் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"க்யா அக்கா, இட்லி கதம்? இப்பவே?"

அம்மா கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். முகத்தில் வருத்தமும் இல்லை, சமாதானம் சொல்லும் பணிவும் இல்லை.

"தண்ணி மேல போயிருக்குப்பா," என்றாள். "நாளைக்கு வா."